நல்லாத்தான் வச்சிருக்கீங்க

இன்றைக்கு வீட்டைக் கூட்டுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டுத்தான் கோமதிநாயகம் எழுந்தார். ஆனாலும் வெயில் ஜன்னல் வழியாக இறங்கி, கட்டிலுக்கடியில் கிடந்த முடிச்சுருளையும் இட்லித் துணுக்கையும் காட்டிக்கொடுத்ததும், கை தானாகக் கதவு மூலையில் சாத்தியிருந்த வாரியலுக்குப் போனது. சனியன் பிடித்த கை. காலமெல்லாம் நூற்பாலையில் தரையில் ஒரு பஞ்சுப் பிசிறு கிடந்தாலும் குனிந்து பொறுக்கிய கை, இப்போது சொன்னால் கேட்குமா. அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டக் கூடாது. அடுப்பங்கரையில் நேற்றைய பாத்திரம் கிடக்கிறது, கிடக்கட்டும். கொடியில் பாதி காய்ந்த துணிகள் வாடையடிக்கின்றன, அடிக்கட்டும். கட்டிலில் ஆவுடையம்மாள், பக்கவாதம் வந்து வலது பக்கம் விளங்காமல் போன அவருடைய மனைவி, தலை சீவாமல், பொட்டு வைக்காமல் மல்லாந்து கிடக்கிறாள். அதுவும் அப்படியே இருக்கட்டும். மத்தியானத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்து வேன் வரும். நர்ஸ் செல்வமேரி வருவாள், கூடவே அந்த மேடமும் வருவாள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்குக் காலையில் வந்து, குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, துணி மாற்றிவிட்டுப் போக ஒரு உதவிக்காரப் பெண்ணை அனுப்பும் ஏற்பாடு இந்த வட்டாரத்தில் உண்டு. எந்த வீட்டுக்கு ஆள் வேண்டும், எந்த வீட்டுக்கு வேண்டாம் என்று பார்த்துச் சொல்வது மேடத்தின் வேலை. போன தடவை வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேண்டாமாம். யாரைக் கேட்டு வேண்டாம்? அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கடித்த பல்லில் ஒன்று ஆடியது. அதுவும் கெட்டுப்போய்த்தான் இருக்கிறது.

ஆனால் மேடத்தை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம், அவள் கண்ணுக்கு எதைக் காட்டினோமோ அதைத்தானே பார்த்தாள் என்று நினைத்ததும் கோபம் சுற்றிக்கொண்டு அவர் மேலேயே வந்து விழுந்தது. போன தடவை அவள் வருகிறாள் என்றதும் என்ன கூத்தடித்தார். விடியும் முன்பே தரை முழுக்க பினாயில் போட்டுத் துடைத்தார். ஊதுபத்தி கொளுத்தினார். மகன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த பூப்போட்ட விரிப்பை உறை பிரித்து விரித்தார். ஆவுடையைக் குளிப்பாட்டி, பச்சைச் சுங்குடிச் சேலையைச் சுற்றி, பவுடர் போட்டுப் பொட்டு வைத்து, தலையணையை முட்டுக்கொடுத்து, கொலுப் பொம்மை மாதிரி உட்கார வைத்தார். பக்கத்துத் தையல்காரர் வீட்டிலிருந்து நல்ல நாற்காலி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இவ்வளவு செய்வார்களோ என்னவோ. மேடம் வந்து உட்கார்ந்தாள். ஆவுடைக்குப் பேச்சு போய்விட்டது, தொண்டையிலிருந்து 'ஏங்' என்று ஒரு சத்தம்தான் வரும். அந்தக் காலத்தில் 'ஏங்க' என்று அவரைக் கூப்பிட்டதன் மிச்சம். ஆனால் இடது கை நல்ல கை. அந்தக் கையை உயர்த்தி, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய், மேடத்தைக் காட்டி, பிறகு அடுப்பங்கரையைக் காட்டினாள். வந்தவங்களுக்குக் காப்பி கொடுங்க. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பியதாக ஆவுடையம்மாள் சரித்திரமே கிடையாது. இவரும் குடுகுடுவென்று ஓடிக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். மேடம் குடித்தாள், வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், "வீடு கோயில் மாதிரி இருக்கு ஐயா, அம்மாவை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க," என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, வெட்கங்கெட்ட உச்சி. உங்களுக்குச் சிரமம் ஏதாவது உண்டா என்று அவள் கேட்டபோது, முந்திரிக்கொட்டை மாதிரி, கடவுள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்படித்தானே சொல்ல வேண்டும். வந்தவர்கள் முன்னால் பஞ்சப் பாட்டையா பாடுவார்கள். திருப்பூரிலிருந்து மகன் போன் பண்ணி அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டாலும் அதே பதில்தான், நல்லா இருக்கா. நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று சொல்லிச் சொல்லியே இந்த வீட்டில் யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லாமல் செய்தாயிற்று. முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் ஒரு கையகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. அதன் மேல் பூப்போட்ட விரிப்பு. பிறகு செல்வமேரி வந்து, "இல்லைன்னுட்டாங்க அண்ணாச்சி. நீங்களே சமாளிச்சுக்கிடுவீகளாம்," என்றபோது அவள் முகத்தில் இவர் மேல்தான் கோபம் இருந்தது. அவள்தான் யார் யாரிடமோ பேசி, மேடத்தை இன்னொரு தடவை வரவழைக்கிறாள். இந்தத் தடவை எதையும் ஒதுங்க வைக்காதீங்க, இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

இருக்கிறது இருக்கிறபடி என்றால் எது வரைக்கும் என்று அவள் சொல்லவில்லை. கோமதிநாயகம் பனியனுக்குள் கையை விட்டுத் தொப்புளுக்குப் பக்கத்தில் தடவிப் பார்த்தார். இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவில், உட்கார்ந்தால் அடங்கி, ஆவுடையைத் தூக்கும்போது பிதுங்கிக்கொண்டு வரும் புடைப்பு. குடல் இறங்குகிறது என்று தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது, குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார். அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். குடம் கிடக்கட்டும் டாக்டர், ஆவுடையை யார் தூக்குவது? டாக்டர், உங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். எல்லோரும் இதையே கேட்கிறார்கள். வேறு யாரும் இல்லையா, மகன் இல்லையா, மருமகள் இல்லையா. மகனுக்கு அங்கே பனியன் கம்பெனி வேலை, இரண்டு சின்னக் குழந்தைகள், ஒரே அறை. அவனைக் கூப்பிட்டால் வந்துவிடுவான், வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான், அதுதான் பயம். இந்தப் புடைப்பைப் பற்றி ஆவுடைக்கும் தெரியாது. தெரியக் கூடாது. ஏற்கெனவே அவள் தண்ணீரைக் குறைத்துவிட்டாள். டம்ளரை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். குடித்தால் போகும், போனால் நனையும், நனைந்தால் இவர் தூக்க வேண்டும் என்று படுத்துக்கொண்டே கணக்குப் போடுகிறாள் பாவி. தூக்குவதால் இவர் குடல் இறங்குகிறது என்றும் தெரிந்தால் மொத்தமாக வாயை மூடிவிடுவாள். சோற்றுக்கும் மூடிவிடுவாள். பிடிவாதக்காரி, செய்யக்கூடியவள்தான். கல்யாணமான புதிதில் இவர் ஏதோ சொல்லிவிட்டார் என்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவள். அந்த வாய் மூடிக்கொள்வது அவருக்கு அடிக்கடி கண்முன் வந்தது. பகலில்தான் வந்தது, பல் தேய்க்கும்போது, அரிசி களையும்போது, பால் வாங்க நிற்கும்போது. ஒரு ஆள், காலையில் கொஞ்ச நேரத்துக்கு ஒரே ஒரு ஆள் வந்து தூக்குகிற வேலையைச் செய்தால் போதும், மிச்சத்துக்கு அக்கம்பக்கத்தில் யார் காலிலாவது விழுந்து, அவர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்துவிடலாம். அந்த ஆளைக் கொடுக்க மாட்டேன் என்பவளுக்குத்தான் இவர் சர்க்கரை தூக்கலாகக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வேன் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். வேன் இல்லை, அடுத்த தெருவில் இருக்கும் அக்கா இசக்கியம்மாள். அவளுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, யார் வருகிறார்கள் என்பது இவருக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். உள்ளே நுழைந்தவள் மூக்கைச் சுளித்தாள். ஒரு சுற்றுப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வாரியலை எடுத்தாள். அவர் எழுந்து போய் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். இரண்டு பேரும் வாரியலின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையில் கரும்புக்கு இழுத்த மாதிரி இழுத்தார்கள். "ஆபீசர்மாரு வார நேரத்துல வீட்டை இப்படிப் போட்டு வச்சிருக்கியே, நம்ம வீட்டு மானத்தை வாங்குததுக்கா?" என்றாள் அக்கா. ஆமா, அதுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. அக்கா ஆவுடையைப் பார்த்து, பாத்தியா இவன் பேசுததை என்று கையை விரித்துவிட்டு, கோபித்துக்கொண்டு போனாள். போகட்டும். ஆவுடை படுத்தபடியே இடது கையால் தன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பொட்டு. அவர் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மானமாம். அக்கா ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி வந்து இங்கே படுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதுண்டா. வருவாள், வாசலோடு நின்று மூக்கைப் பொத்துவாள், தெருவெல்லாம் என் தம்பி பொண்டாட்டியைத் தாங்குதான் என்று பெருமை பேசுவாள். தெருவும் பேசுகிறது. டீக்கடையில் பேசுகிறார்கள், உங்களை மாதிரி உண்டுமா அண்ணாச்சி என்கிறார்கள். இந்தப் புகழ்ச்சியை வைத்து ஒரு விரிப்பைத் துவைக்க முடியுமா. ஒருத்தனைப் புகழ்ந்துவிட்டால் அவனுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று ஊரே சேர்ந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

அப்போதுதான் வாடை வந்தது. கொடித்துணியின் வாடை இல்லை, புதியது, சூடானது. அவருக்கு மூக்குக்கு முன்னாலேயே காதுக்குத் தெரிந்துவிடும். ஆவுடையின் மூச்சு அந்த நேரத்தில் ஒரு கணம் நின்று போகும். திரும்பிப் பார்த்தார். விரிப்பில் ஈரம் இடுப்புக்குக் கீழே மெல்ல விரிந்துகொண்டிருந்தது. எழுந்தார், பாதியில் நின்றார், மறுபடி உட்கார்ந்தார். இதுதான். இருக்கிறது இருக்கிறபடி என்றால் இதுதான். மேடம் இதைப் பார்க்கட்டும். இந்த வாடையில் உட்கார்ந்து காப்பி குடிக்கட்டும், அப்புறம் கோயில் மாதிரி இருக்கிறது என்று சொல்லட்டும் பார்ப்போம். வேன் இப்போது வந்துவிடும், தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரம்தான். ஆவுடை 'ஏங்' என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். சின்னக் காத்திருப்புத்தானே. எத்தனை ஆஸ்பத்திரியில் எத்தனை வரிசையில் காத்திருந்தோம். 'ஏங்.' புண்ணில் பட்டால் எரியும். மிளகாய்ப் பொடி தூவின மாதிரி எரியும் என்று செல்வமேரி சொல்லியிருக்கிறாள், நனைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும், தாமதிக்கவே கூடாது என்று. அதே செல்வமேரிதான் எதையும் ஒதுங்க வைக்காதே என்றும் சொல்லியிருக்கிறாள். எந்தச் செல்வமேரியைக் கேட்பது. ஆட்டோ ஒன்று போனது. பால்காரனின் சைக்கிள் போனது. வேன் வரவில்லை. வராது, நேரத்துக்கு வந்து பழக்கமிருந்தால்தானே வருவதற்கு. ஒரு மனுஷன் தன் பொண்டாட்டியை மூத்திரத்தில் ஊற வைத்துக் காட்டினால்தான் கஷ்டப்படுகிறான் என்று நம்புவார்கள். துடைத்து வைத்தால் நம்ப மாட்டார்கள். துடைப்பதற்கு இடுப்பு ஒடிவதைப் பார்க்க மாட்டார்கள். துடைத்த தரையைப் பார்ப்பார்கள். அப்படியானால் கவனித்துக்கொண்டதுதான் குற்றமா. விட்டுவிட்டுப் போயிருந்தால், தினம் குடித்துவிட்டு வந்து மிதித்திருந்தால், இந்த வீட்டுக்கு முதல் நாளே ஆள் வந்திருக்குமோ. 'ஏங்' சத்தம் நின்றுவிட்டதை அப்புறம்தான் கவனித்தார். ஆவுடை கூப்பிடுவதை விட்டுவிட்டிருந்தாள். அவள் அழவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. நல்ல கையால் போர்வையின் ஓரத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அந்த ஈரத்தை மூட முயன்றுகொண்டிருந்தாள். போர்வை எட்டவில்லை. விட்டுவிட்டு மறுபடி இழுத்தாள். மேடம் வரும்போது தெரியக் கூடாது என்று, தன் மானத்தையும் தன் புருஷனின் மானத்தையும் அந்த ஒற்றைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

எழுந்துவிட்டார். உள்ளுக்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டே எழுந்தார், மேடத்தை, அக்காவை, டாக்டரை, ஊரை, தன்னை, ஏன் ஆவுடையையும்தான், இந்தப் பாவி இத்தனை கௌரவமாகப் பிறந்திருக்க வேண்டாமே. குனிந்து அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். புடைப்பு பிதுங்கிக்கொண்டு வந்தது, கண் இருட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டினார். வெந்நீரில் துடைத்தார். புண்ணைச் சுற்றி ஒற்றி எடுத்தார், மருந்து வைத்தார். ஈர விரிப்பை உருவி வாளியில் போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த வேறொன்றை விரித்தார். அது அந்தப் பூப்போட்ட விரிப்பாக இருந்து தொலைத்தது. ஆவுடை கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். பவுடர். போட்டுத் தொலை என்று போட்டார். நெற்றியைக் காட்டினாள். பொட்டும் வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு, இனி வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்று சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியபோது வாசலில் வேன் வந்து நின்றது.

செல்வமேரி முதலில் வந்தாள். கட்டிலையும் விரிப்பையும் பவுடர் முகத்தையும் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. அவரை ஒரு பார்வை பார்த்தாள், அதில் எரித்துவிட்டாள். பின்னாலேயே வந்த மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள். கெட்டவள் இல்லை. வெயிலில் பல வீடு ஏறி இறங்கிக் களைத்த முகம், சின்ன வயசுதான். கட்டிலைப் பார்த்து, "அம்மா நல்லாத்தான் இருக்காங்க. நல்லாத்தான் வச்சிருக்கீங்க ஐயா," என்றாள். சிரமம் ஏதாவது உண்டா என்று போன தடவை கேட்ட அதே குரலில் கேட்டாள். ஒரு குறையும் இல்லை என்பது அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாக்கும் அந்தக் கை மாதிரிதான், பழகியதைத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்து ஆவுடை கையை உயர்த்தினாள். கட்டைவிரல் வாய்க்குப் போனது, மேடத்தைக் காட்டினாள், அடுப்பங்கரையைக் காட்டினாள். அவர் உள்ளே போனார். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடத்தின் காலடியில் வைத்தார். ஈர விரிப்பின் வாடை மேலே எழும்பி வந்தது. அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"இப்பத்தான் மாத்துனேன். நீங்க செத்த முந்தி வந்திருந்தா அதுமேலயே கெடந்திருப்பா. கெடக்கட்டும்னுதான் விட்டு வச்சேன், உங்ககிட்ட காட்டுததுக்கு. முடியல," என்றார். குரல் தாழ்ந்துதான் வந்தது. "நல்லா வச்சிருக்கேன்னு சொல்லுதீங்கல்லா. எதை வச்சு நல்லா வச்சிருக்கேன்னு பாருங்க." பனியனைத் தூக்கினார். புடைப்பு இன்னும் அடங்காமல், சிவந்து, வெளியே நின்றது. செல்வமேரி ஐயோ என்று ஓடி வந்து அவரைப் பிடித்து மேடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள், ஏன் அண்ணாச்சி என்கிட்ட சொல்லல என்று கேட்டுக்கொண்டே. மேடம் எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை, நின்றுகொண்டிருந்தாள். ஆபரேஷன் எப்போது என்று கேட்டாள். "நீங்க ஆள் அனுப்புத அன்னைக்கு மறுநாள்," என்றார் கோமதிநாயகம். அவள் அடுத்த திங்களிலிருந்து ஆள் வரும், நான் கூடவே வந்து விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். அவருக்கு அது காதில் விழுந்தது, சந்தோஷம்தான் வரவில்லை. ஏனென்றால் பனியனைத் தூக்கிய பிறகுதான், யார் முன்னால் தூக்கினோம் என்பது உறைத்தது. ஆவுடை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வயிற்றை, அந்தப் புடைப்பை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்துவிட்டது. இனி வாயை மூடிவிடுவாள்.

அவள் கை உயர்ந்தது. கட்டைவிரல் வாய்க்குப் போனது. காப்பி வேண்டாம் மதினி, இப்ப யாரு காப்பி கேட்டா என்றாள் செல்வமேரி. ஆனால் கை நிற்கவில்லை. மேடத்தைக் காட்டியது, அடுப்பங்கரையைக் காட்டியது, பிறகு போன தடவை போகாத இடத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரைக் காட்டியது. மறுபடியும் அதே மாதிரி, மேடம், அடுப்பங்கரை, அவர். இந்தத் தடவை கொஞ்சம் அதட்டலாக. மேடத்துக்குப் புரியவில்லை. "அண்ணாச்சிக்குக் காப்பி போட்டுக் கொடுக்கச் சொல்லுதாங்க மேடம். உங்களைத்தான்," என்றாள் செல்வமேரி. மேடம் அந்தக் கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே போனாள். அவள் டப்பா டப்பாவாகத் திறந்து மூடும் சத்தமும், தீப்பெட்டி உரசும் சத்தமும், பால் பொங்கி அடுப்பில் வழிந்து சீறும் சத்தமும் கேட்டன. வழியட்டும் என்று கோமதிநாயகம் உட்கார்ந்தே இருந்தார். ஆவுடை படுத்ததிலிருந்து இந்த வீட்டில் வேறொருவர் அடுப்பு மூட்டி அவர் பார்க்கவில்லை.

மேடம் கொண்டு வந்து கொடுத்த காப்பி பார்க்கவே தண்ணியாகத்தான் இருந்தது. அவர் குடிக்கவில்லை. டம்ளரை ஆற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போய், ஆவுடையின் தலைக்கடியில் கை கொடுத்து, உதட்டருகே கொண்டுபோனார். அவள் டம்ளரைப் பார்த்தாள், அவர் வயிற்றைப் பார்த்தாள், அடுப்பங்கரை வாசலில் நின்ற மேடத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், அவர் போதும் என்று நிறுத்தியபோது நல்ல கையால் டம்ளரைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அடிவரைக்கும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். இனி நனைப்பாள். நனைக்கட்டும் என்று நினைத்தார் கோமதிநாயகம். இவர்கள் போகும் முன்பே நனைக்கட்டும்.